வீச்சு வலையும் ஈயக் குண்டும்



தூண்டிலுக்கு இரைமீன் பிடிக்க வீச்சு வலை வாங்க எண்ணுகிறீர்களா? முதலில் வலைக்கண்ணை நோக்குங்கள். கண் பெரிதாயின் வலை விரைந்து மூழ்கும். ஆனால் சிறுமீன்கள் கண்ணில் செருகி மாண்டுவிடும். கண் மிகச் சிறிதாயின் வலை மெல்லவே மூழ்கும். அதற்குள் மீன் தப்பிவிடும். ஆதலின் பிடிக்க விரும்பும் மீனின் பருமனுக்கேற்பத் தேர்ந்துகொள்ளுங்கள். தங்கூசி வலை நீரில் எளிதில் புலப்படாது. முறுக்கு நைலான் வலையோ கைக்கு மிருதுவானது, செப்பனிடவும் எளிது.

கிழிசலை அன்றன்றே சரிசெய்யுங்கள். பிய்ந்த இழைகளை முடிச்சு வரை நறுக்கிவிட்டு, நான்கு இழைகளில் மூன்று எஞ்சிய முடிச்சில் தொடங்கி, அத்தகைய மற்றொரு முடிச்சில் முடியுங்கள். வேலை முடிந்ததும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயில் நைலானை நலிவிக்கும்.

ஒன்றை மறவாதீர்கள். வீசும்போது வலையின் விளிம்பைப் பல்லால் கவ்வும் வழக்கம் பலரிடம் உண்டு. அவ்விளிம்பில் கோத்திருப்பது ஈயம்; அது நஞ்சு. உதிர்ந்த குண்டுகளுக்கு மாற்றாக அடுப்பங்கரையில் ஈயம் உருக்குவது அதனினும் தீது. அப்புகையும் தூசும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குண்டுகளைக் கடையில் வாங்கிக் கோத்துக்கொள்ளுங்கள். கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள்.

வலையின் கிழிசலைச் செப்பனிட்டுவிடலாம். பிள்ளைக்கு ஈயம் விளைத்த கேட்டைச் செப்பனிட வழியில்லை.