நிலா போட்டோவுக்கு 60,000 ரூபாய் லென்ஸா? கொஞ்சம் பொறுங்க!

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான ஒருத்தர் என்கிட்ட கேட்டார்: "சார், என் டி.எஸ்.எல்.ஆர்.ல நிலாவை எடுத்தா வெறும் வெள்ளைத் தட்டு மாதிரி வருது. மாசம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.யை ஒரு வருஷம் நிறுத்திட்டு, நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.ல 60,000 ரூபாய் லென்ஸ் வாங்கலாமா?"

என் பதில்: இப்போ வேண்டாம். சி.ஏ. முடிச்சு சம்பளம் வாங்கின முதல் வருஷம் நானும் இதைத்தான் செஞ்சேன். கடன்ல வாங்கின லென்ஸ்லயும் அதே வெள்ளைத் தட்டுதான் வந்துச்சு!

காரணம் லென்ஸ் இல்ல, ஆட்டோ மோடு. நமக்கு ராத்திரி, ஆனா நிலா மேல விழுறது நேரடி வெயில். கேமரா சுத்தியிருக்கிற கறுப்பு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிடும். அதனால மேனுவல் மோடுக்கு மாறுங்க. பௌர்ணமின்னா ஐ.எஸ்.ஓ. 100, அப்பெர்ச்சர் எஃப்/11, ஷட்டர் 1/100 அல்லது 1/125-ல ஆரம்பிங்க. கேமராவை டிரைபாட்ல வச்சு, லைவ் வியூல நிலாவைப் பெருசாக்கி, கையாலேயே ஃபோகஸ் பண்ணுங்க. பட்டனை அழுத்துற அதிர்வு படத்துல தெரியாம இருக்க 2 செகண்ட் டைமர் போதும்.

இன்னொரு விஷயம்: பௌர்ணமியில நிழலே இருக்காது, படம் தட்டையாத் தெரியும். அமாவாசை முடிஞ்சு ஏழு, எட்டு நாள்ல அரை நிலாவை எடுங்க. வெளிச்சமும் இருட்டும் சேர்ற கோட்டுல பள்ளங்கள் பளிச்சுன்னு தெரியும். அரை நிலாவுக்கு வெளிச்சம் குறைவு. ஷட்டர் வேகத்தைக் குறைச்சுக்கோங்க.

பெரிய லென்ஸால பயனே இல்லையா? இருக்கு. 300 எம்.எம். லென்ஸ்ல நிலா சென்சார் மேல 3 மில்லிமீட்டர் கூட வராது; 600-ல அதைப் போல ரெண்டு மடங்கு வரும். ஆனா அதை ஒருநாள் வாடகைக்கு எடுத்தே பார்த்துடலாமே!

இப்போ கணக்குக்கு வருவோம். நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.ல வட்டியைத் தள்ளுபடியா கொடுத்தாலும், கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உங்க தலையிலதான், பல நேரம் பிராசஸிங் கட்டணமும் உண்டு. இன்னொரு பக்கம், அந்த 60,000 ரூபாய் வருஷத்துக்கு 10% வளர்ந்தா (உத்தரவாதம் இல்ல, உதாரணம்தான்) 10 வருஷத்துல சுமார் 1.55 லட்சம்.

ஆசைப்படுறது தப்பில்லைங்க. கையில இருக்கிற லென்ஸ்லயே ஆறு மாசம் எடுங்க. அப்பவும் ஆசை குறையலைன்னா, எஸ்.ஐ.பி.யைத் தொடாம தனியா காசு சேர்த்து, ரொக்கமா வாங்குங்க. நிலா எங்கேயும் போயிடாது, ஈ.எம்.ஐ. மாதிரியே மாசாமாசம் வரும்!