தொரப்பள்ளிக்குத் துண்டு தேவையில்லை



போன வாரம் பேத்தியின் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'கல்விச் சுற்றுலா, பெங்களூரு. மாற்று உடையும் துண்டும் கொண்டுவரவும்.' துண்டு எதற்கு என்று கேட்டேன். தண்ணீரில் சறுக்கி விளையாடும் பூங்காவாம். பிள்ளைகள் விளையாடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்குக் 'கல்வி' என்று பெயர் வைப்பதுதான் பொறுக்கவில்லை. மூன்று வருடமாக இதே பூங்கா, இதே துண்டு.

ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தொரப்பள்ளி. அவ்வூர் முன்சீப்பின் மகனாக 1878 டிசம்பர் 10இல் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக்கி வைத்திருக்கிறது. ராஜாஜி யார் என்று பேத்தியைக் கேட்டேன். "முதல் இந்திய கவர்னர் ஜெனரல்" என்று வினாடி வினா வேகத்தில் பதில் வந்தது. கதை எழுதியவர் என்பது தெரியவில்லை. 'சக்கரவர்த்தித் திருமகன்' கல்கியில் தொடராக வந்தபோது வாராவாரம் காத்திருந்து படித்த வீடுகள் எத்தனை! 1958இல் சாகித்திய அகாதெமி பரிசும் அதற்குக் கிடைத்தது. 'திக்கற்ற பார்வதி' சினிமாவாகவே வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே எழுதியதுபோல 'திண்ணை ரசாயனம்' இருக்கிறது. வேதியியலைத் தமிழில் சொன்ன புத்தகம். நம் ஊரில் தெலுங்கு, கன்னடம், இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. அவர்களுக்கு அவருடைய ஆங்கில ராமாயணமும் மகாபாரதமும் உண்டு.

ராஜாஜியும் ஓசூர்ப் பள்ளியில் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போனவர்தான். ஆனால் சென்ட்ரல் கல்லூரியில் படிக்கப் போனார்!

இந்தித் திணிப்பு, குலக்கல்வி என்று அவர்மேல் கோபம் உள்ளவர்கள் உண்டு. எனக்கும் உண்டு. அதையும் பிள்ளைகளுக்கு அந்த வீட்டு வாசலில் நின்றே சொல்லலாமே. பிறந்தநாளன்று மாலை போடுவதோடு ஓர் எழுத்தாளரின் வீட்டுக்கு நாம் செய்ய வேண்டியது முடிந்துவிடுமா?

பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக வண்டிக்குப் பஞ்சமில்லை. ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்பதைத் தினமும் நடக்கப் போகிற நான் பார்க்கிறேன். தொழிற்சாலைகள் மனது வைத்தால் மாதம் ஒரு பஸ் பெரிய விஷயமா? கல்வித் துறை அதிகாரிகள் டிசம்பர் 10க்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். மதியச் சாப்பாடும் ஒரு ராஜாஜி கதைப் புத்தகமும் கொண்டுவந்தால் போதும், துண்டு வேண்டாம் என்று அதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
ஓசூர்.