காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

குன்னூரில் ரோட்டோரம் ஒருவரைப் பார்த்தேன். முழு போதை. வேட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். காலி பாட்டிலை மட்டும் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். விழுந்து உடைந்து கையைக் கிழித்துவிடப் போகிறதே என்று வாங்கப் போனேன். "பத்து ரூவா சார்" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

மலையெல்லாம் கண்ணாடிச் சில்லாகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் 2022இல் நீலகிரியில் வந்த ஏற்பாடு அது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலியைக் கொண்டுவந்தால் திருப்பித் தருவார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு திட்டம் மாவட்டம் மாவட்டமாக விரிந்தது. அந்த மனிதருக்கு யாரும் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்கவில்லை. தன் பெயரே மறந்துபோகிற போதையிலும் அவருக்கு நினைவில் நின்றது, உடனே கைக்கு வரப்போகும் பத்து ரூபாய்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. கொடுத்தது சரி. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் கேட்பது வேறு. காலி பாட்டிலுக்கு ஒரு விலை இருக்கிறது. செத்தவனுக்கு ஒரு விலை இருக்கிறது. இன்றைக்கு ஒருநாள் குடிக்காமல் வேலைக்குப் போய்த் திரும்பியவனுக்கு என்ன இருக்கிறது? அறிவுரை இருக்கிறது.

*

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். என் தாய்மாமா வாழைத்தார் ஏற்றுகிற லோடுமேன். இருபது வருஷக் குடி. அத்தை பீடி சுற்றித்தான் வீடு ஓடுகிறது. ஆனால் கார்த்திகை ஒன்றாம் தேதி விடியக்காலம் பாபநாசத்தில் முங்கி எழுந்து மாலை போட்டுக்கொண்டால் அதோடு சரி. முதல் நாலைந்து நாள் கை நடுங்கும், தூக்கம் வராது. பிறகு தை பிறக்கும்வரை ஒரு சொட்டு கிடையாது. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

"குடிகாரனால நிறுத்தவே முடியாது" என்பவர்கள் என் மாமாவின் கார்த்திகையை விளக்க வேண்டும். "மனசு வச்சா நிறுத்திரலாம்" என்பவர்கள் அவருடைய தை மாதத்தை விளக்க வேண்டும். அந்த மனசு எங்கே போனது?

அவருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். விடிந்தால் டீக்கடையில் "சாமி வாங்க". பஜனையில் முன்வரிசை. கட்டிய பெண்டாட்டியே "சாமி" என்று கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். குடிக்காமல் இருந்ததற்கு அன்றன்றைக்கே, ஊர் முன்னால் கூலி. மாலையைக் கழற்றிய மறுநாள் அவர் மறுபடியும் "ஏல, இங்க வால".

ஒரு தடவை அத்தை சொன்னாள்: "அந்த மாலைய பங்குனி வரைக்கும் போட்டுக்கிட்டாத்தான் என்னன்னு கேக்கேன். கேக்க மாட்டுக்காவ." அன்றைக்கு நான் சிரித்தேன். ஆராய்ச்சிகளைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

*

1990களில் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்கிற ஆய்வாளர் கொக்கைனுக்கு அடிமையானவர்களிடம் எளிய ஒரு ஏற்பாட்டைச் சோதித்தார். சிறுநீரில் போதைப்பொருள் இல்லையென்றால் உடனே வவுச்சர். காசு கிடையாது, பொருள் வாங்கிக்கொள்ளலாம். அடுத்தடுத்து சுத்தமாக இருந்தால் மதிப்பு ஏறும். ஒருமுறை தவறினால் மறுபடி முதல் படி. 1994இல் வந்த ஆய்வில், வவுச்சர் பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 40 சதவீதம்.

நான்சி பெட்ரி இதையே குடிநோயாளிகளிடம் இன்னும் மலிவாகச் செய்தார். ஊதிக் காட்டு, போதை இல்லையா, கிண்ணத்தில் கைவிட்டுச் சீட்டெடு. சில சீட்டில் பரிசு இல்லை. மீதியில் ஒரு டாலர் பரிசிலிருந்து நூறு டாலர் பரிசுவரை. நம் பொருட்காட்சிக் குலுக்கல்தான். 2000இல் அவர் வெளியிட்ட கணக்கு: எட்டு வாரமும் தாக்குப்பிடித்தவர்கள் சீட்டெடுத்த குழுவில் 84 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 22.

"அதெல்லாம் அமெரிக்கா, நம்ம ஆளுக்குச் சரிவராது" என்று ஒரு குரல் வரும். நம்ம ஆளை வைத்தே செய்திருக்கிறார்கள். பொருளாதார ஆய்வாளர் ஃபிராங்க் ஷில்பாக், சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 பேரிடம் மூன்று வாரம் நடத்திய சோதனை 2019இல் வெளியானது. தினமும் அலுவலகத்துக்கு வந்து ஊத வேண்டும். ஒரு குழுவுக்குப் போதையோடு வந்தால் 60 ரூபாய், தெளிவாக வந்தால் 120. இன்னொரு குழுவுக்கு எப்படி வந்தாலும் 90.

பகல்குடி குறைந்தது. மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை, இரவுக்குத் தள்ளிப்போனது. இதை மறைத்து நான் வாதாட விரும்பவில்லை. ஆனால் அந்தப் பகல்நேரத் தெளிவுக்கே அவர்கள் அங்கே சேமித்த பணம் சுமார் 50 சதவீதம் கூடியது. இன்னொன்றும் தெரியவந்தது. நிபந்தனை இல்லாமல் பணம் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுத்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் கொஞ்சம் பணத்தை இழந்தாவது "தெளிவா வந்தாத்தான் கூடுதல்" என்கிற ஏற்பாட்டையே கேட்டார்கள். குடிப்பவனுக்கு வெட்கமில்லை, நிறுத்தும் எண்ணமில்லை என்று மேடையில் பேசுபவர்கள் இதைப் படிக்க வேண்டும். என் மாமா ஆய்வு எதுவும் படிக்காமல் சொன்னார்: "காச என் கையில குடுக்காத மருமவனே. அத்த கையில குடு."

*

ஊக்கத்தொகை என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். "குடிக்காம இருக்கதுக்கு லஞ்சமா?" ஆனால் இந்த ஆற்றங்கரையில் ஏற்கெனவே ஒரு ஊக்கத்திட்டம் தலைகீழாக ஓடிக்கொண்டிருக்கிறது. லோடு ஏற்றி முடித்தால் கூலியோடு ஒரு குவார்ட்டர். கொடை நாளில் பந்தல் போட்டவருக்குக் குவார்ட்டர். சாக்கடை அள்ள, செப்டிக் டேங்க் பார்க்க, அழுகிய பிணம் தூக்க வந்தவருக்கு முதலிலேயே குவார்ட்டர். தெளிந்த மனிதன் செய்ய மாட்டேன் என்று சொல்லக்கூடிய வேலையைச் செய்யவைக்க நாம் கண்டுபிடித்த கூலி அது. அந்த வேலை எந்தச் சாதியின் தலையில் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். பிறகு "அவனுவ குடிச்சே அழியுதானுவ" என்று சொல்வதும் நாம்தான்.

நாம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டபோது வந்த அண்ணனிடம், கூலி போக "செலவுக்கு வச்சுக்கிடுங்க" என்று கண்ணைக் காட்டிக் கொடுத்தது நான். அது எந்தச் செலவு என்று இரண்டு பேருக்கும் தெரியும். உடனடிப் பரிசு, சரியான நேரம், தவறாத தொடர்ச்சி. ஹிக்கின்ஸ் சொன்ன அத்தனை விதிகளையும் நான் குடிக்காகக் கடைப்பிடித்திருக்கிறேன்.

ஆகவேதான் பரிசு மட்டும் போதாது, வேலையே மாற வேண்டும் என்கிறேன். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கென்னத் சில்வர்மேன் செய்தது இதைத்தான். ஹெராயின், கொக்கைனில் சிக்கிய கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைத் தாய்மார்களுக்கும் கணினித் தரவுப் பதிவு கற்றுக்கொடுத்துச் சம்பளத்தோடு வேலை கொடுத்தார். உள்ளே வர ஒரே சீட்டு, போதைப்பொருள் இல்லாத சிறுநீர். தவறினால் அன்றைக்கு வேலை இல்லை, சம்பளம் கீழே இறங்கும். ஆனால் யாரும் துரத்தப்படுவதில்லை. மறுநாள் சுத்தமாக வந்தால் கதவு திறந்திருக்கும். 2001இல் வந்த முடிவின்படி, வேலை கிடைத்தவர்களின் பரிசோதனைகளில் 59 சதவீதம் சுத்தம். கிடைக்காதவர்களிடம் 33. பின்னர் ஓராண்டு நீண்ட இன்னொரு ஆய்வில், வேலையைப் பரிசோதனையோடு இணைத்தவர்களிடம் 79 சதவீதம், இணைக்காமல் வேலை மட்டும் கொடுத்தவர்களிடம் 51.

அந்த ஏற்பாடு முடிந்த பிறகு? வித்தியாசம் கரைந்துபோனது. எதிர்ப்பவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இது: "காசு நின்னா திரும்பக் குடிப்பான், பிறகு எதுக்கு?" சரி, மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறுகிறது. அதனால் மாத்திரை வீண் என்று எந்த டாக்டராவது சொன்னாரா? நாள்பட்ட நோய்க்கு நாள்பட்ட சிகிச்சை. மாலையைப் பங்குனி வரைக்கும் நீட்டச் சொன்ன அத்தையின் மருத்துவமும் இதுதான்.

"அப்போ குடிக்காதவன் இளிச்சவாயனா?" என்பது அடுத்த கேள்வி. காசநோய்க்காரருக்குச் சத்துணவுப் பணம் கொடுக்கும்போது நோயில்லாதவர் யாரும் இப்படிக் கேட்பதில்லை. குடிநோய் என்று வாயால் சொல்கிறோம், மனசுக்குள் அது இன்னும் குற்றம்தான்.

*

மதுவிலக்கு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும் அந்த வாக்குறுதிக்காக என் அத்தை ஏன் காத்திருக்க வேண்டும்?

2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். ரூபாய்க்கு ஒரு பைசா எடுத்தால் 483 கோடி. ஒருவருக்கு நாளுக்கு 60 ரூபாய், வருஷத்தில் 300 நாள் என்றால் 18,000 ரூபாய். நிர்வாகச் செலவு தனி என்று வைத்தாலும், அந்த ஒரு பைசாவில் இரண்டரை லட்சம் பேருக்குமேல் கொடுக்கலாம். ஊதிப் பார்க்கும் கருவியை ராத்திரி ரோட்டில் நின்று அபராதம் போட வாங்கியிருக்கிறோம். அதே கருவி காலை ஏழு மணிக்குச் சந்தையில், லாரி ஷெட்டில், பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து சாயங்காலமும் ஒருமுறை ஊதட்டும், ராத்திரிக்குத் தள்ளிப்போடும் வேலை கொஞ்சம் குறையும். தெளிவாக இருந்தவருக்கு அன்றைக்கே தொகை, அவர் விரும்பினால் மனைவி கணக்கில். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகிற துணிகளை அள்ளுவதிலிருந்து தொடங்கலாம். கையுறையும் காலணியும் சரியான சம்பளமும் கொடுத்து, குவார்ட்டர் இல்லாமல்.

இரண்டு எச்சரிக்கைகள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். என் மாமாவின் கைநடுக்கம் தானாக அடங்கியது அதிர்ஷ்டம். அதனால் டாக்டர்தான் முதல் படி. இன்னொன்று, ரேஷனையோ ஊரக வேலைத் திட்டத்தையோ இந்தப் பரிசோதனையோடு கட்டக் கூடாது. இருக்கிற உரிமையைப் பறிப்பது ஊக்கம் ஆகாது, மிரட்டல். இது கூடுதலாக வரும் காசாக இருக்க வேண்டும்.

இப்போது மாமா குடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அத்தை கார்த்திகைக்காக நாள் எண்ணுகிறாள். வருஷத்தில் இரண்டு மாதம் ஐயப்பன் தன் பங்கை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார். மீதிப் பத்து மாதத்துக்குக் கடை நடத்துகிறவர்கள் பதில் சொல்லட்டும்.