நடை கொழும்புக்கு மட்டும் உரியதா?

நடந்துபோய்ச் சாமான் வாங்கி, பக்கத்திலேயே பஸ் ஏறும் வாழ்க்கை கொழும்புக்குத்தான் பொருந்தும், வயலும் காடுமாகப் பரந்த வன்னிக்கு மோட்டார் சைக்கிள் போதும் என்று ஒரு வாதம் உண்டு. அது பிழை.

கனகராயன்குளம் வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஏ-9 வீதியை ஒட்டிய வன்னி ஊர். யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் போகிற பஸ்கள் ஊருக்குள்ளாலேயே ஓடுகின்றன. நடந்து வாழும் மையத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்? நெடுந்தூர வாகனங்களின் வேகம்தான் தடை. அதைத் திட்டமிடுபவர்கள் குறைக்கலாம்.

மோட்டார் சைக்கிளை நம்பச் சொல்பவர்கள் 2022ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். எரிபொருள் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர்தான். தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோக அது எத்தனை நாளுக்குக் காணும்? வண்டியே ஓட்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள்: பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள், போரில் கால் இழந்தவர்கள். இவர்களை விட்டுவிட்டு யாருக்காகத் திட்டம் போடுகிறார்கள்?

1990இல் நின்ற வடக்கு ரயில் 2013இல் கிளிநொச்சிக்கும், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியது. கனகராயன்குளத்தவருக்குக் கிட்டிய நிலையங்கள் புளியங்குளமும் மாங்குளமும்தான். ரயில் வரும் நேரத்தைப் பார்த்து அங்கே ஒரு இணைப்பு பஸ் ஓடினால், ரயிலில் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் நிலையம்வரை ஓட்டோவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அதோடு வீதியோரம் நிழல்மரம், பாடசாலை வாசலில் வேகத்தடை, மழைக்கு ஒதுங்கக் கூரையுள்ள தரிப்பிடம். இவை எதற்கும் கொழும்பைப்போல் மாடிக்கட்டடங்கள் வேண்டாம்.