துரை போனார், துரைத்தனம் போயிற்றா?



ஊருக்கு ஒரு வழக்கம் இருப்பது போல ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும். யார் சொன்னால் காரியம் நடக்கும். தவறு நேர்ந்தால் பழி யார் தலையில் விழும் என்பவை எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் புதிதாக வேலைக்கு வந்தவன் ஒரே வாரத்தில் அத்தனையையும் கற்றுக்கொள்கிறான். இதைத்தான் ஸ்தாபனப் பண்பாடு என்கிறார்கள் அறிஞர்கள்.

இளமையில் ஷெல் எண்ணெய்க் கம்பெனிக்காக மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர் சார்லஸ் ஹாண்டி. அவர் 1976-ல் வெளியிட்ட நூலில் இப்பண்பாட்டை நான்கு வகையாகப் பிரித்தார். அதிகாரம் முழுவதும் நடுவில் இருக்கும் ஒருவரிடம் குவிவது முதல் வகை. அது சிலந்தி வலை. பதவியும் விதியும் ஆள்வது இரண்டாவது. அது தூண்கள் தாங்கும் கோயில். ஒரு வேலையை முடிப்பதற்காகத் திறமையுள்ளோர் சமமாகக் கூடுவது மூன்றாவது. தனி மனிதர்களுக்காகவே ஸ்தாபனம் இருப்பது நான்காவது.

நம் ரப்பர் தோட்டம் இவற்றுள் எந்த வகை? காகிதத்தில் பார்த்தால் அது கோயில். லண்டனில் டைரக்டர்கள், இங்கே ஏஜென்ஸி கம்பெனி, அதன் கீழ் பெரிய துரை, சின்ன துரை, கிராணி, கண்டக்டர், தண்டல் என்று படிப்படியாகப் பதவிகள் இருந்தன. செக்ரோலில் ஒரு நாள் பேர் கூடத் தவறாது. ஆனால் காலைப் பெரட்டில் நின்றவனுக்குத் தெரிந்ததோ சிலந்தி வலைதான். துரை வாயிலிருந்து வந்ததே விதி.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வைக் கேட்ட அதே பட்டியலில் இன்னொன்றையும் கேட்டார்கள். துரைமார் முன்னிலையிலும், மற்ற உத்தியோகஸ்தர் முன்னிலையிலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பதே அது. சைக்கிளில் போவதற்கு எத்தனை காசு செலவு? ஒரு காசும் இல்லை. அது மானத்தின் விலை! அந்தப் போராட்டத்தை அடக்கப் பட்டாளம் வந்தது, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

நம் கெடாவிலும் மாற்று வழி பிறந்தது. 1947-ல் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத் தொழிலாளர்கள் தொண்டர் படையாகத் திரண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். அதைத் துரை அமைக்கவில்லை. கள்ளை ஒழிக்கும் வேலைக்காகத் தொழிலாளரே கூடினார்கள். 1960-ல் துன் சம்பந்தன் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1961-ல் அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். பால் வெட்டிய கையே பங்குப் பத்திரத்தையும் பிடித்தது. 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி கம்பெனியே மலேசியர் கைக்கு வந்தது.

முதலாளி மாறினார், சரி. பண்பாடு தானாக மாறிவிடுமா? மாறாது. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றலாம். பழக்கத்தை மாற்ற ஒரு தலைமுறை வேண்டும். பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். ஒரு முறை ஒரு முதியவர் சம்பளச் சீட்டோடு எம்மிடம் கணக்குக் கேட்க வந்தார். செருப்பை வாசலில் கழற்றி விட்டு, நாற்காலி காலியாக இருந்தும் அரை மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார். “உட்காருங்கள் ஐயா” என்று சொல்ல, சங்கத்தில் உழைக்கும் எமக்கே தோன்றவில்லை! துரை போய்விட்டார், அவர் நாற்காலி நம் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

இன்று தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் வேலை செய்கின்றனர். அவர்களை “டேய்” என்று கூப்பிடும் நம்மவர் இல்லையா? நம் பாட்டனைத் தண்டல் கூப்பிட்ட அதே குரல் அல்லவா அது?

ஆகவே தோழர்களே, சங்கத்தின் பண்பாட்டை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். விதி வேண்டும், கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும், அந்த அளவுக்குக் கோயில் நல்லதே. ஆனால் கிளைக் கூட்டத்தில் கடைசி வரிசைப் பெண் தொழிலாளிக்கும் பேச்சு முறை வரவேண்டும். வரவு செலவைக் கேட்டவனைக் கலகக்காரன் என்னக் கூடாது. வாசலில் நிற்பவர் எந்த நாட்டவராயினும் முதலில் நாற்காலியைக் காட்ட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களின் பிள்ளைகள் நாம். நம் முன்னால் இன்னொருவரை இறங்க வைக்கலாமா?

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!