மகள் வழியிலும் ஓடும் வம்சம்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பத்தின் வேர் எது என்று கேட்டால் குலதெய்வக் கோயிலைக் காட்டுவார்கள். பங்காளிகள் கூடிப் பொங்கல் வைக்கும் இடம் அது. கட்டிக்கொடுத்த மகள் அன்று முதல் புகுந்த வீட்டுச் சாமிக்கு உரியவள். மகன் பிறந்த வீட்டுச் சாமியோடே இருப்பான். ஆண் வாரிசு இல்லாவிட்டால் வம்சம் அற்றுப்போகும் என்ற பேச்சு இந்த ஏற்பாட்டை ஒட்டியே வளர்ந்தது. அந்தப் பேச்சு எத்தனை பச்சிளம் உயிர்களைக் குடித்தது என்பது வைகைக் கரை ஊர்களுக்குத் தெரியும். உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலை 1980-களில் நாடு முழுக்கச் செய்தியானது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. கருவின் பாலினம் பார்ப்பதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்ட பிறகும், 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தார்கள். வழக்கம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மகனை விரும்பினால் அதை வழக்கமாகவே விவாதிக்கலாம். ரத்தத்தின் உண்மையே அதுதான் என்று அவர் சொல்லும்போது மரபியலைச் சாட்சிக்கு அழைத்தாக வேண்டும்.

அந்தச் சாட்சி ஒருகாலத்தில் ஆண் வழிக்கு ஆதரவாகப் பேசியதுபோலத் தோன்றியதும் இந்த வட்டாரத்தில்தான். ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டியை ஒட்டிய ஜோதிமாணிக்கம் கிராமத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பனின் குழு ரத்த மாதிரிகளை ஆராய்ந்தது. ஒய் குரோமோசோமில் எம் 130 என்ற மிகப் பழைய அடையாளம் சிலரிடம் இருப்பது தெரியவந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போன முதல் மனிதக் கூட்டத்தின் தடம் அது என்று அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் 2002-இல் வெளியான தம் நூலில் எழுதினார். ஐம்பதாயிரம் ஆண்டுக்கும் மேலாகத் தகப்பன் மகனுக்கும் அந்த மகன் தன் மகனுக்கும் கொடுத்து வந்த அடையாளம் ஒன்று தென் தமிழகத்துக் கிராமத்தில் கிடைத்தது உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. ஆண் வழிதான் அறாத வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி, பதிலும் அந்தக் கண்டுபிடிப்புக்குள்ளேயே இருக்கிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருடைய முன்னோர் வரிசையில் 1,024 இடங்கள் இருக்கும். ஓர் ஆணின் ஒய் அவற்றில் ஒரே ஓர் இடத்திலிருந்து வந்தது. மீதி 1,023 இடங்களைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆய்வாளர்கள் ஒய்யைத் தேடிப் போவதற்குக் காரணம் அதன் பெரும்பகுதி கலக்காமல் அப்படியே கைமாறுகிறது என்பதுதான். தடம் பிடிக்க அது வசதி. அதனால் அது ஒருவருடைய பிறப்பின் சாரம் ஆகிவிடாது. மனிதனிடம் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ இருபதாயிரம் என்றால், ஒய்யில் இருப்பவை நூற்றுச் சொச்சம். அறாத வழிதான் வேண்டும் என்றால் தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் அதே அளவு அறாதது. இதில் சாதிப் பெருமைக்கும் இடமில்லை. எம் 130 ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் மங்கோலியர்களிடமும் உண்டு. இந்தியாவில் குழுக்கள் தமக்குள்ளேயே மணமுடிக்கத் தொடங்கியது சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்று ஹைதராபாத் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஐம்பதாயிரம் ஆண்டு அடையாளத்தை இரண்டாயிரம் ஆண்டு வேலிக்குள் எப்படி அடைப்பது?

எக்ஸ் குரோமோசோமின் போக்கு இதைவிடக் கவனிக்கத் தக்கது. தகப்பனிடம் ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உண்டு. மகனுக்கு ஒய், மகளுக்கு எக்ஸ். குழந்தை ஆணா பெண்ணா என்பது எந்த விந்தணு சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவு வண்டுகளில் கண்ட உண்மையின் மனித வடிவம் இது. பெண் பெற்றாள் என்று மருமகளை ஏசுவது அறிவுக்கே பொருந்தாது என்பதைப் பலரும் இன்று ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்த படியை மட்டும் யாரும் பேசுவதில்லை. எண்ணூறுக்கும் அதிகமான மரபணுக்களைச் சுமக்கும் தன் எக்ஸை ஒரு தகப்பன் மகனுக்குத் தருவதே இல்லை. அது முழுமையாகப் போவது மகளுக்கு மட்டும். மகள் இல்லாத ஆணின் எக்ஸ் அவனோடு நின்றுவிடுகிறது. மகன் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் யாரிடமும் அது இருக்காது. மகள் வயிற்றுப் பேரனிடம் அதன் ஒரு பகுதி இருக்கக்கூடும். மற்ற இருபத்திரண்டு குரோமோசோம் ஜோடிகளைப் பொறுத்தவரை மகன் பிள்ளைக்கும் மகள் பிள்ளைக்கும் வேறுபாடே கிடையாது. தாத்தாவின் பங்கு இரண்டு பக்கமும் சராசரியாகக் கால் பங்குதான்.

இது ஏட்டு விவாதம் அல்ல என்பதை ஹீமோபிலியா காட்டுகிறது. சிறு காயத்திலும் ரத்தம் உறையாமல் நீடிக்கும் இந்த நோயின் மரபணு எக்ஸில் இருக்கிறது. அதனால் நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளையிடம் வெளிப்படுகிறது. வந்த வழி தாயினுடையது. பங்காளிகள் அத்தனை பேரையும் விசாரித்தாலும் தடயம் கிடைக்காது. தாய்மாமனுக்கு மூட்டு வீக்கம் இருந்ததா, தாயின் தாய்மாமன் சின்ன வயதில் ரத்தம் நிற்காமல் இறந்தாரா என்று கேட்டால் கிடைக்கலாம். மாமன் மகளைக் கட்டும் முறை இங்கே இன்னும் இருக்கிறது. மாமனுக்கும் மருமகனுக்கும் நோய் இருந்தால், மாமன் மகள் அந்த மரபணுவைச் சுமப்பவள் என்பது உறுதி; அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பெண் குழந்தை உட்பட, நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோயுள்ள தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டினால், அவள் அதைச் சுமப்பதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வம்சத்தைத் தகப்பன் வழியில் மட்டும் எண்ணுகிற குடும்பம் இந்தக் கணக்கைப் போடவே போடாது.

அப்படியானால் பழி மறுபடி தாய் தலையில் விழாதா என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹீமோபிலியா குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் நோய் இருந்திருக்காது. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றமே காரணம். சுமப்பவளாக இருக்கும் தாயும் அதைத் தேர்ந்தெடுத்து வாங்கிவரவில்லை. அவளுக்கே அது அவளுடைய தகப்பனிடமிருந்து வந்திருக்கலாம். பெண் குழந்தை பிறந்ததற்குத் தகப்பனைக் குற்றவாளி ஆக்குவதும் இதே தவறுதான். கடத்துவது வேறு, குற்றம் வேறு.

மகன் வேண்டும் என்பதற்குக் காரணம் மரபணு அல்ல, சொத்தும் சீர்வரிசையும் முதுமையில் சோறும்தான் என்பார்கள். உண்மை. குரோமோசோம் பாடம் வரதட்சணையை ஒழிக்காது. சொத்துக் காரணத்தைச் சட்டம் அசைத்திருக்கிறது. 1989-இல் தமிழகமும் 2005-இல் மத்திய அரசும் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தன. ஆனாலும் பாகப்பிரிவினைப் பேச்சில் ‘அவள் வேறு வம்சத்துக்குப் போனவள்’ என்ற வாதம் இன்றும் எழுகிறது. விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்கும்போது அண்ணனுக்கு மனத்தெம்பு தருவது அந்த ரத்தக் கதைதான். அதைத்தான் உடைக்க வேண்டும் என்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் எக்ஸும் ஒய்யும் மதிப்பெண்ணுக்காகப் படிக்கப்படுகின்றன. போடியிலும் சின்னமனூரிலும் கூடலூரிலும் அந்தப் பாடம் நடக்கும்போது ஒவ்வொரு மாணவரும் தன் தாய் வழியையும் சேர்த்துக் குடும்ப மரம் வரையட்டும். அதில் அத்தையும் சித்தியும் பெயரோடு இருக்கட்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஹீமோபிலியாச் சிறுவன் ஒருவன் வந்தால், உறைகாரணி ஊசியோடு வேலை முடியக் கூடாது. அவனுடைய அக்காள் தங்கைகளுக்கும் சித்திமார்களுக்கும் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்க வேண்டும். பரிசோதனை முடிவு அந்தந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லப்பட வேண்டும். அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பது அவள் உரிமை.