கணக்கு எண்ணும் கைக்குக் காப்பு எங்கே?

ஆபரேஷன் மேஜையில் படுப்பது யார்? பாகூர் வயலில் மூட்டை தூக்கிக் குடல் இறங்கிய விவசாயக் கூலி. மில்லில் மிஷினுக்கு விரலைப் பறிகொடுத்த தொழிலாளி. மயக்கமருந்து ஏறியபின் அவர் உயிர் டாக்டர் கையில் மட்டுமா இருக்கிறது? பக்கத்தில் நிற்கும் நர்ஸின் கையிலும் இருக்கிறது. கத்தியை எடுத்துக் கொடுப்பவர் அவர். பஞ்சும் ஊசியும் கணக்குச் சரியா என்று எண்ணுபவர் அவர். நோயாளியை வெளியே கொண்டுபோகுமுன் அந்தக் கணக்கை நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறது, 2008இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட பட்டியல். ஒரு பஞ்சு வயிற்றில் தங்கினால் போவது ஏழையின் உயிர்!

சட்டம் இல்லையா? ஏராளம்! 1947இல் நர்சிங் கவுன்சில் சட்டம். 2021இல் தியேட்டர் டெக்னீஷியன்களையும் பதிவுக்குள் கொண்டுவந்த சட்டம். 2023இல் நர்சுகளுக்குப் புதிய கமிஷன் சட்டம். புதுச்சேரிக்கும் பொருந்தும் 2010ஆம் ஆண்டு மருத்துவ நிலையச் சட்டமோ, குறைந்தபட்ச ஊழியர் இருந்தால்தான் பதிவு என்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

கண்காணிப்பு இல்லாத இடத்தில் முதலாளி என்ன செய்வார்? பயிற்சியற்ற ஏழைப் பெண்ணை அரைச் சம்பளத்துக்குத் தியேட்டரில் நிறுத்துவார். இரவு ஷிப்டு முடித்தவரைப் பகலிலும் நிற்கச் சொல்வார். தவறு நேர்ந்தால் பழி அவள் தலையில். லாபம் இவர் பையில்!

சுப்ரீம் கோர்ட் 2016 ஜனவரி 29இல் இட்ட உத்தரவின்படி அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. பரிந்துரை வயிற்றை நிரப்பாது. அதைச் சட்டமாக்க வேண்டியது சர்க்காரின் கடமை.

"சிறு ஆஸ்பத்திரி தாங்காது" என்கிறார்கள். கட்டடத்துக்குத் தாங்குகிறது, புது மிஷினுக்குத் தாங்குகிறது, மனுஷிக்குக் கூலி என்றால் மட்டும் தாங்காதா?

நாம் கோருவது இதுதான்: தியேட்டரில் நிற்பவர் பதிவு பெற்றவரா என்று சர்க்கார் நேரில் சோதிக்கட்டும். இரட்டை ஷிப்டு ஒழியட்டும். ஆனால் சட்டத்தின் பேரால் இன்று வேலை செய்யும் பெண்களைத் தெருவில் தள்ளக்கூடாது. சர்க்கார் செலவில் பயிற்சி கொடுத்து அவர்களைக் கைதூக்கிவிட வேண்டும்.

தோழர்களே! 1936 ஜூலை 30இல் சவானா மில்லில் 12 தொழிலாளிகள் குண்டுக்குப் பலியான மண் இது. அந்தப் போராட்டத்தின் பிறகே, 1937இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று. எந்தச் சட்டமும் தானாக நடந்து வந்ததில்லை. நர்சுகளின் போராட்டம் நம் உயிருக்கான போராட்டம். அவர்கள் பக்கம் நிற்போம்!